எட்டும் எட்டும் பதினாறு

அந்த எட்டை அங்க விடாதீங்க தம்பி. இடப்பக்கம் ஒரு எட்டு தொங்குதுலா, அதுல கொண்டுபோய் ஒட்டுங்க. ரெண்டும் சேந்து பதினாறாகும், பக்கத்துலயே இன்னொரு பதினாறு நிக்கு, அதோட சேந்தா முப்பத்திரெண்டு... விட்டுட்டீங்க. சரி, போகட்டும், விளையாட்டுதான.

தப்பா நினைக்காதீங்க. பக்கத்து சீட்டுக்காரன் போனை எட்டிப் பாக்குதது நல்ல பழக்கமில்லன்னு எனக்கும் தெரியும். ஆனா இந்தக் குமிழி விளையாட்டக் கண்டா என் கண்ணு தானா போயிருது. குடிய விட்டவன் அந்தக் கடை வாசலைத் தாண்டும்போது தலையத் திருப்புவானாம்லா, அந்த மாதிரி. விட்டவன்னு சொன்னேன், நான் இன்னும் விடல. அதையும் சொல்லிருதேன்.

நீங்க எங்க இறங்கணும்? கல்லிடைக்குறிச்சியா? அப்ப நேரம் இருக்கு, இன்னும் சேரன்மாதேவியே வரல. நாங்க அம்பைக்குப் போறோம், என் கொழுந்தியா வீட்டுக்கு. நீங்க பாட்டுக்கு விளையாடுங்க, நான் பேசுதது உங்களுக்குத் தொந்தரவு இல்லலா? காதுல அது மாட்டியிருந்தாலும் பரவாயில்ல.

என் பேரு குத்தாலிங்கம். திருநெல்வேலியில ஒரு பெரிய ஜவுளிக்கடையில, பட்டுச் சேலைப் பிரிவுல, முப்பது வருஷத்துக்கு மேல மெத்தையில உக்காந்து சேலை விரிச்சவன். எனக்கு வாய்தான் முதலு. வாரவங்க என்ன கலரு வேணும்னு யோசிச்சு வாயத் திறக்கதுக்குள்ள, "அக்காவுக்கு அரக்குதான் எடுக்கும்"னு நானே சொல்லி, விரிச்சு, தோள்ல போட்டு, கண்ணாடியக் காட்டிருவேன். அவங்களும் ஆமான்னுட்டு எடுத்துட்டுப் போவாங்க. வேண்டாம்னு சொல்ல அவங்களுக்கு இடம் கொடுத்தாத்தான? யாவாரத்துல அது ஒரு திறமை.

என் வீட்டுக்காரி பேரு சண்முகவடிவு. நான் பேசுத ஆளு, அவ கேக்குத ஆளு. பொருத்தம்னா அப்படி அமையணும். எங்களுக்குள்ள சண்டைன்னே ஒண்ணு வந்தது கிடையாது. சண்டைக்கு ரெண்டு பேரு பேசணும்லா. அவ கட்டுன சேலை அத்தனையும் நான் எடுத்துக் கொடுத்தது. மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில்கழுத்து, எது வந்தாலும் முதல் உருப்படி எங்க வீட்டுக்குத்தான். ஒரு தடவைகூட நல்லாயில்லன்னு சொன்னதில்ல. நல்லாருக்குன்னும் சொன்னதில்ல, அது வேற விஷயம்.

நான் கடையிலருந்து நின்ன மறு வருஷம், ஆனித் தேருக்கு முந்தி, ஒரு நாள் காலையில அவ அடுப்படியில தோசை ஊத்திக்கிட்டு இருக்கா. நான் முன்னறையில பேப்பரைச் சத்தமா வாசிச்சுக்கிட்டு இருக்கேன். எப்பவும் சத்தமாத்தான் வாசிப்பேன், அவளுக்கும் நாட்டு நடப்பு தெரியணும்லா. தோசை கருகுத வாசம் வருது. "வடிவு, தோசை கருகுது பாரு"ன்னு குரல் கொடுத்துட்டு மேல வாசிச்சேன். மறுபடி குரல் கொடுத்தேன். அப்புறமாத்தான் எந்திரிச்சுப் போனேன்.

சுவத்துல சாஞ்சு தரையில உக்காந்திருக்கா. கரண்டி கீழ கிடக்கு. வாய் ஒரு பக்கமா இழுத்திருக்கு. என்னைப் பாத்து ஏதோ சொல்ல வாரா, ஒண்ணும் வரல. "ஒண்ணுமில்ல வடிவு, தலைசுத்தல்தான், நேத்து வெயில்ல போனேல்லா, அதுதான்"னு நானாச் சொல்லிக்கிட்டே இருக்கேன். எதுத்த வீட்டுக்காரரு ஓடிவந்து ஆட்டோவுல தூக்கிப் போட்டாரு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நான் வாய மூடலன்னு அந்த ஆட்டோக்காரன் இன்னைக்கும் சொல்லுதான்.

மூளையில இடது பக்கம் ரத்தம் கட்டிருச்சு. பெரிய டாக்டரு சொன்னாரு, உயிருக்குப் பயமில்ல, வலது கையும் காலும் மெல்ல மெல்லத் தேறிரும், பேச்சு மட்டும் வந்தாலும் வரும், வராமலும் போகும். வார்த்தையெல்லாம் உள்ள அப்படியே இருக்காம், வெளிய எடுத்துத் தார வழிதான் அடைச்சிருக்காம். எனக்குச் சட்டுன்னு விளங்கிருச்சு. குடோன்ல சரக்கு இருக்கு, சாவியக் காணோம். அதை டாக்டருகிட்டயும் சொன்னேன். அவரு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாரு.

வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். முன்னாடியும் அவ பேச மாட்டாதான், ஆனா பேசாம இருக்கது வேற, பேச முடியாம இருக்கது வேற தம்பி. 'ம்'முன்னு ஒரே ஒரு சத்தம். தண்ணிக்கும் அதுதான், வலிக்கும் அதுதான். நான் எதாவது கேட்டா உதட்ட அசைப்பா, கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணுல தண்ணி வந்துரும். பாக்க முடியாது. அவ சிரமப்படக் கூடாதுன்னு நானே சொல்லிருவேன். காப்பியா வடிவு? காப்பிதான். படுக்கணுமா? சரி, படு. விருந்தாளுங்க வந்தா, அன்னைக்குக் காலையில நடந்த கதைய தோசைக் கரண்டியக் கையில வச்சுக்கிட்டே நடிச்சுக் காட்டுவேன். அவ நாற்காலியில உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பா. அந்த வீட்டுல சத்தம் நின்னுட்டா என்ன ஆகுமோன்னு எனக்குப் பயம். அதான் உண்மை.

பாளையங்கோட்டையில பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பிள்ளை இருக்கு, ஜாஸ்மின்னு பேரு, நாகர்கோவில்காரி, எங்க மக வயசுதான் இருக்கும். அங்க கூட்டிட்டுப் போவேன். முதல் நாள் ஒரு படத்தக் காட்டி, "அம்மா, இது என்ன?"ன்னு கேட்டுச்சு. வடிவு பாக்குதா, உதட்டக் குவிக்குதா. நான் "சாவி"ன்னேன். அடுத்த படம். "மாடு"ன்னேன். அடுத்தது குடை. எல்லாத்துக்கும் சரியாச் சொன்னேன், ஒண்ணுகூடத் தப்பில்ல.

அந்தப் பிள்ளை படத்தக் கீழ வச்சுட்டு என்னைப் பாத்துச்சு. "ஐயா, உங்க பேரு சண்முகவடிவா?"

வெளிய உக்கார வச்சுருச்சு. அதுக்கப்புறம் எப்பப் போனாலும் நான் வராந்தா பெஞ்சுலதான். உதவி செய்ய வந்த மனுசன வெளிய உக்கார வைக்கதுன்னா என்ன சொல்ல. போகும்போது, "அவங்க சொல்லதுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்க ஐயா"ன்னுச்சு. நேரமா? நாள் பூரா அவ கூடத்தான இருக்கேன், இதுக்கு மேல எங்கருந்து நேரம் கொடுக்க?

அந்தப் பிள்ளைதான் இந்தக் குமிழி விளையாட்டுக்கே காரணம். கைக்கும் பயிற்சி, கண்ணுக்கும் பயிற்சி, நம்பரப் பாத்துச் சேக்கணும்லா, மூளைக்கும் நல்லது, பெரிய திரையில இது மாதிரி ஏதாவது வச்சுக் கொடுங்கன்னு சொல்லுச்சு. ஓசூர்ல இருக்க எங்க மக உமா உடனே ஒரு டேப் வாங்கி அனுப்பிட்டா. சிலேட்டு அகலம் இருக்கும். எப்படி விளையாடணும்னு வீடியோ காலுல எனக்குச் சொல்லிக் கொடுத்தா. எனக்கு ஏன்னா, அம்மாவுக்கு நான் சொல்லிக் கொடுக்கணும்லா.

அங்க ஆரம்பிச்சதுதான் தம்பி.

முதல்ல நான் ஒழுங்காக் கத்துக்கிட்டு அப்புறம் அவளுக்குக் காட்டலாம்னு நினைச்சேன். நியாயம்தான? ரெண்டு இளநீலம், நாலு வெங்காயக் கலரு, எட்டு மாம்பழ மஞ்சள், பதினாறு அரக்கு. எனக்கு நம்பரே தேவைப்படல, கலரப் பாத்தே அடிப்பேன். சேலைக்குத் தோதா ரவிக்கைத் துணி பொருத்துத மாதிரிதான். ஒண்ணு போய் ஒண்ணுல ஒட்டும்போது 'டபக்'குன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, வரிசையா நாலஞ்சு சேந்து டபக் டபக் டபக்குன்னு பெருசாகும்போது நெஞ்சுக்குள்ள என்னமோ குளுந்து போகும். அந்தச் சுகத்த இந்த வயசுல வெளிய சொல்லக் கூடாது.

வடிவு பக்கத்துல உக்காந்து கைய நீட்டுவா. அவளுக்குன்னு வந்த சாமான்லா. "இரு வடிவு, இந்த ஆட்டம் முடியட்டும், கத்துத் தாரேன்"ம்பேன். இந்த ஆட்டம் முடியும். அடுத்த ஆட்டம் தானா ஆரம்பிச்சுரும், அதுக்கு நான் என்ன பண்ண? கொஞ்ச நாள்ல அவ கைய நீட்டுததையும் விட்டுட்டா. சும்மா பாத்துக்கிட்டு இருப்பா. சரி, நமக்கும் ஒரு துணையாச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்.

வீடு என்ன ஆச்சுன்னு கேக்காதீங்க. சாதம் குழஞ்சு கஞ்சியாகும், ரசம் வத்திக் குழம்பாகும். காய்கறிக்காரம்மா வாசல்ல நின்னு கூப்பிட்டுப் பாத்துட்டு அடுத்த வீட்டுக்குப் போயிரும். யாரு வந்து என்ன கேட்டாலும் 'ம்'. தலைய நிமித்த மாட்டேன். எதுத்த வீட்டுக்காரரு எங்க மகளுக்கு ரகசியமாப் போன் பண்ணிருக்காரு, "அப்பாவுக்கும் பேச்சு வரலன்னு நினைக்கோம்மா, வந்து பாரு"ன்னு. அவ அலறிப்போய் என்னைக் கூப்பிட்டா. அந்த நேரம் பாத்து ஐநூத்திப் பன்னிரெண்டு தொங்கிக்கிட்டு இருக்கு, நான் அவளுக்கும் 'ம்'முன்னேன். மறுநாள் காலையில பெட்டியோட வாசல்ல வந்து நிக்கா. என்னை உக்கார வச்சு வாயத் தொறக்கச் சொல்லி, நாக்க நீட்டச் சொல்லி, ரெண்டு கையையும் தூக்கச் சொல்லிப் பாத்தா. எல்லாம் சரியா இருக்குன்னதும் என்னைத் திட்டுனா பாருங்க. டேப்பப் புடுங்கி பீரோவுக்கு மேல வச்சுட்டுப் போனா. பஸ் ஏறியிருப்பாளோ இல்லையோ, நான் ஸ்டூலப் போட்டு எடுத்துட்டேன். பேரன் பேத்தி எடுக்குத வயசுல ஸ்டூல் மேல ஏறி நிக்குதேன், நாற்காலியில உக்காந்து வடிவு பாக்குதா. கீழ விழுந்து இடுப்பு போயிருந்தா ரெண்டு பேருக்கும் ஒரே வார்டுதான்.

அந்த விளையாட்டுல ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டுன்னு ஒரு குமிழி இருக்கு. அது வந்துட்டா சுத்தி இருக்கது எல்லாத்தையும் வெடிச்சுத் தள்ளிரும். நீங்க பாத்துருக்கீங்களா? இல்லையா? நானும் அப்ப பாத்ததில்ல. அதுக்குத்தான் கிடந்து தவிச்சேன்.

ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்டு முடிச்சுட்டு உக்காந்தேன். அவ பக்கத்து நாற்காலியில. தெருவுல ஒரு சத்தமில்ல, மின்விசிறி மட்டும் சுத்துது. ஆட்டம் அன்னைக்கு அப்படி அமைஞ்சுருச்சு. ஆயிரத்து இருபத்திநாலு ஒண்ணு மேல தொங்குது. அதுல ஆரம்பிச்சு, ஐநூத்திப் பன்னிரெண்டு, அதுக்குக் கீழ எரநூத்தி அம்பத்தாறு, அப்படியே படி இறங்குத மாதிரி நாலு வரைக்கும் வரிசையா இறங்கி வந்து நிக்கு. குமிழியெல்லாம் கீழ்க் கோட்டத் தொடப்போகுது, இன்னும் ஒரு வரிசை இறங்குனா ஆட்டம் காலி. கீழருந்து விடுததுக்கு எனக்குக் கொடுத்திருக்கது ஒரு நாலு.

இடப்பக்கம் ஒரு நாலு, கிட்டத்துல, நேரா இருக்கு. வலப்பக்கம் படிக்கட்டோட கடைசியில ஒரு நாலு, இடுக்குக்குள்ள இருக்கு, திரையோரச் சுவத்துல அடிச்சுத் திருப்பி விட்டாத்தான் போகும். எனக்கு வலப்பக்கம் நினைப்பே வரல. பதட்டம். விரல இடப்பக்கம் வச்சுட்டேன்.

"அங்க இல்ல."

காதுல விழுந்துச்சு. யாரோ பக்கத்துல நின்னு விளையாட்டச் சொல்லிக் கொடுத்தா எரிச்சல் வருமா வராதா? நான் திரையில இருந்து கண்ண எடுக்கல. "சும்மா இரு வடிவு, எனக்குத் தெரியும்"னேன்.

விட்டேன். நாலும் நாலும் எட்டு, அவ்வளவுதான், அதோட நின்னுபோச்சு. மேல இருந்து ஒரு வரிசை இறங்குச்சு, கோட்டத் தொட்டுச்சு, எல்லாம் சாம்பக் கலராயிருச்சு. நான் தலையில அடிச்சுக்கிட்டேன். சே, சுவத்துல அடிச்சு விட்டிருந்தா மேல வரைக்கும் போயிருக்குமேன்னு வாய்விட்டே சொல்லிட்டேன்.

"சொன்னேன்லா."

அப்பத்தான் தம்பி எனக்கு உறைச்சுது.

திரும்புனேன். வாய் இன்னும் கோணல்தான். ஆனா அந்தக் கோணலுக்குள்ள ஒரு சிரிப்பு. என்னைப் பாத்துச் சிரிக்கா. கலியாணம் பண்ணி இத்தன வருஷத்துல அந்தச் சிரிப்ப நான் பாத்ததில்ல. நான் என்ன பண்ணியிருக்கணும்? கையப் புடிச்சு ரெண்டு நல்ல வார்த்தை சொல்லியிருக்கணும். முப்பது வருஷம் வாயால பொழச்சவன், எனக்கு ஒரு வார்த்தை வரல. உதட்ட அசைக்கேன், சத்தம் வரல. தேம்பித் தேம்பி அழுதுட்டேன். அவ கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம் இடது கைய நீட்டி என் மடியில இருந்த டேப்ப எடுத்துத் தன் மடியில வச்சுக்கிட்டு, அடுத்த ஆட்டத்த ஆரம்பிச்சா.

மாசக்கணக்கா ஊமையாக் கிடந்தவ பேசுன முதல் பேச்சுக்கு, கட்டுன புருசன் சொன்ன பதிலு 'சும்மா இரு'. இந்தக் கூத்த எங்க போய்ச் சொல்ல? மகளுக்குப் போன் பண்ணேன். அம்மா பேசிட்டான்னேன். என்னப்பா சொன்னாங்க, உங்களையா கேட்டாங்க, என்னையா கேட்டாங்கன்னு அழுதுக்கிட்டே கேக்கா. நான் என்னத்தச் சொல்ல? "அங்க இல்லன்னு சொன்னா, அப்புறம் சொன்னேன்லான்னு சொன்னா"ன்னேன். அந்தப் பக்கம் சிரிக்கா. அழுதுக்கிட்டே சிரிக்கா.

சாயங்காலத்துக்குள்ள தெருவே வந்துருச்சு. நான் எல்லாரையும் உக்கார வச்சு, எந்த நாலு எங்க இருந்துச்சுங்கதுல இருந்து விலாவாரியாச் சொல்லி, "சொல்லு வடிவு, இவங்களுக்கு ஒரு தடவை சொல்லிக் காட்டு"ன்னேன். அவ ஒண்ணும் சொல்லல. மறுநாளும் அப்படித்தான். நான் சொல்லு சொல்லுன்னு பின்னாடியே அலையுதேன், காலையில இருந்து பொழுது சாயுத வரைக்கும் சொல்லிக் கொடுக்கேன், வாயத் தொறக்க மாட்டேங்கா. வந்தது போயிருச்சோன்னு பயந்துட்டேன்.

பாளையங்கோட்டைக்கு ஓடுனேன். அந்தப் பிள்ளை எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுச்சு. கேட்டுட்டு, "அன்னைக்கு அவங்க பேசுன நேரத்துல நீங்க என்ன ஐயா செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?"ன்னுச்சு.

"விளையாண்டுக்கிட்டு இருந்தேம்மா."

"பேசிக்கிட்டே விளையாண்டீங்களா?"

"இல்லம்மா, அது முக்கியமான ஆட்டம். வாயே தொறக்கல."

அந்தப் பிள்ளை வடிவப் பாத்துச்சு. வடிவு அந்தப் பிள்ளையப் பாத்தா. ரெண்டு பேருக்கும் என்ன சிரிப்போ தெரியல. "ஐயா, தினமும் அதையே செய்யுங்க, விடாமச் செய்யுங்க"ன்னு சொல்லி அனுப்பிச்சு.

பாத்தீங்களா? வைத்தியமே அதுதான். நம்பரு ஒண்ணோட ஒண்ணு சேரும்போது மூளையில அந்த அடைச்ச இடம் அதிர்ந்து திறக்கும்போல. எனக்கு அப்படித்தான் தோணுது. அன்னையில இருந்து மருந்து மாதிரி தினம் காலையிலயும் சாயங்காலமும் உக்காந்துருவேன். டேப் அவகிட்ட போயிருச்சு, நான் போன்ல ஆடுதேன். நீங்க நம்ப மாட்டீங்க, நான் ஆட உக்காந்த நேரமாப் பாத்துத்தான் அவளுக்கு ஒவ்வொரு வார்த்தையா வந்துச்சு. 'பால் பொங்குது'ன்னா ஒரு நாள். நிசமாவே பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சுருச்சு. இன்னொரு நாள் 'உமா'ன்னா. அப்புறம் கதவு, பூனை, மழை வருது, துணிய எடுங்க. ஆடி முடிச்சு நிமிந்து நான் பேச ஆரம்பிச்சா அவளுக்கு வார்த்தை நின்னுரும். அப்ப அந்த விளையாட்டுக்கு எவ்வளவு சக்தின்னு பாருங்க.

தைப்பொங்கலுக்கு நான் பழைய கடையில போய் ஒரு கிளிப்பச்சை எடுத்துட்டு வந்தேன். அவ தொட்டுப் பாத்தா. ரொம்ப நேரம் யோசிச்சா. நான் அப்ப ஒரு ஆட்டத்துல மும்முரமா இருந்தேன், அதனால அவசரப்படுத்தல. "பச்சை எனக்கு எப்பவும் பிடிக்காது"ன்னா. முழுசா, ஒரு வாக்கியம். நான் சந்தோஷத்துல துள்ளிக் குதிச்சு ஜாஸ்மினுக்குப் போன் பண்ணி, நாலு வார்த்தை சேத்துச் சொல்லிட்டாம்மான்னு சொன்னேன். என்ன சொன்னாங்கன்னு கேட்டுச்சு. சொன்னேன். "எப்பவுமேவா ஐயா?"ன்னு திருப்பிக் கேட்டுச்சு. பச்சை பிடிக்காதுங்கது நோயோட மிச்சமா இருக்கும், நாளாவட்டத்துல சரியாயிரும்னு நான்தான் தைரியம் சொன்னேன்.

இப்ப யாரு வீட்டுல பக்கவாதம்னு கேட்டாலும் நானே போய் இந்த விளையாட்ட ஏத்திக் கொடுத்துட்டு வாரேன். உக்காந்து விளக்கமும் சொல்லுவேன். ஆனா ஒருத்தருக்கும் அவ்வளவு சட்டுன்னு பலிக்கல. ஏன்னு தெரியல.

வீரவநல்லூர் தாண்டியாச்சா? அப்ப அடுத்தது உங்க ஊருதான். உங்களுக்கு நம்ம வடிவக் காட்டலியே. அந்தா, டிரைவருக்குப் பின்னாடி, ஜன்னலோரமா, ஊணி நடக்குத கம்ப மடியில சாத்தி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா பாருங்க, அவதான். ஜங்ஷன்ல ஏறும்போது நீங்க இருக்க இந்த சீட்டு காலியாத்தான் இருந்துச்சு. வா வடிவுன்னேன். அங்கதான் காத்து வரும்னுட்டு முன்னால போயிட்டா.

பக்கத்துல இருக்க அம்மா யாருன்னு தெரியல, எங்களுக்குப் பழக்கமில்ல. சுத்தமல்லியில ஏறுனது. ஆனா அப்ப இருந்து ரெண்டு பேரும் ஓயாமப் பேசுதாங்க. அந்தா, இடது கைய ஆட்டி ஆட்டி எதையோ விளக்குதா. நிறுத்தி யோசிக்கா, அந்தம்மா காத்துக்கிட்டு இருக்கு, மறுபடி சொல்லுதா. என்ன இவ்வளவு பேச்சு? யாரப் பத்தின்னு நினைக்கீங்க?

இருங்க தம்பி, கொஞ்சம் பேசாம இருங்க. சிரிக்கா பாருங்க. இங்க இருந்து ஒண்ணுமே கேக்கலியே.